எந்தக் கிளையில் நிற்கிறோம்

நாற்பத்து மூன்று பேரின் கைபேசி ஒரே நேரத்தில் சிணுங்கியது. எல்லாருக்கும் ஒரே செய்தி: 'பல் இருக்கா, போயிடுச்சா?'

அனுப்பியவன் அவசரக்குடுக்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சான்றிதழோடு சரி.

பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுவது அவனும் அவன் அக்காவும்தான். வீட்டிலேயே இரண்டு அறை, இரண்டு நாற்காலி, ஒரு சர்வர். இவனுக்கு வேலை கிடைக்காமல் வீட்டில் சும்மா கிடந்த காலத்தில், அக்கா தன் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆரம்பித்த கம்பெனி.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்ற மென்பொருள் கிளை கிளையாகப் பிரித்துப் பதிந்துவைக்கும். விளையாட்டெல்லாம் சோதனைக் கிளையில். நோயாளிகளுக்குச் செய்தி போவது முதன்மைக் கிளையிலிருந்து. சோதனையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதன்மையில் உட்கார்ந்து விளையாடிவிட்டான்.

இருபது நிமிஷம் தலைகால் புரியாமல் தவித்தான். பிறகு எப்படியோ மாற்றத்தைத் திரும்ப எடுத்தான். நாற்பத்து மூன்று பேருக்கும் போன் போட்டு மன்னிப்பும் கேட்டான். ஒரு பெரியவர் மட்டும் நிதானமாக எண்ணிப் பார்த்து, நாலு பாக்கி இருப்பதாகத் தெரிவித்தார்.

அவ்வளவு நேரமும் அக்கா வாயைத் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டக்கூடப் பிடிக்காத கோபம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, சர்வரில் தன் ப்ராம்ப்டைப் பிரித்து மேய்ந்தான். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் நமக்காகக் காத்திருக்கும் அந்தச் சின்ன வரியிலேயே, எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். பதியாத மாற்றம் இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

முதலில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டான். கணினி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் வண்ணம் சேர்த்தான். அந்த வண்ணக் குறிகளுக்கு அடைப்பு போட மறந்ததில், நீளமான கட்டளை அடித்தால் வரி சுற்றி வந்து தன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்தது. அதையும் சரிசெய்தான்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பச்சையில் கிளையின் பெயர், சிவப்பில் நட்சத்திரம்.

புது டார்ச் கிடைத்த பிள்ளை கட்டிலுக்கு அடியிலெல்லாம் அடித்துப் பார்ப்பதுபோல, சர்வரில் இருந்த ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் போய்ப் போய் எட்டிப் பார்த்தான். முதன்மை. சோதனை. எதுவும் இல்லை. எதுவும் இல்லை. சோதனை.

அக்காவின் ஃபோல்டருக்குள் நுழைந்ததும் ப்ராம்ப்ட் பச்சையாக ஒரு பெயரைக் காட்டியது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'அக்கா-இல்லாமல்.'

பக்கத்தில் நட்சத்திரம்.

இப்படி ஒரு கிளை இருப்பது அவனுக்குத் தெரியாது. பழைய ப்ராம்ப்டாக இருந்தால் இப்போதும் தெரிந்திருக்காது.

பழைய பதிவுகளைத் திறந்தான். மூன்று மாதமாகப் பதிந்திருக்கிறாள், அவன் எழுந்திருக்கும் முன்பே, காலை ஏழு மணிவாக்கில். எல்லாம் ஒரே கோப்பில். சர்வர் படுத்துவிட்டால் எழுப்புவது எப்படி. எந்த டாக்டரைப் பத்து மணிக்குமேல் கூப்பிடக் கூடாது. எந்த டாக்டரிடம் ஜோக் அடிக்கவே கூடாது. இதில் மட்டும் அடிக்கோடு.

சமையலறைப் பக்கம் இருந்தவளிடம் போய், என்னக்கா, கம்பெனியை வித்துட்டியா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். பால் வாங்கணும் என்றாள். யாராவது கடத்திட்டுப் போறதா மிரட்டினாங்களா, பாவம் அவங்க, என்றான். உன் நாற்காலி கிறீச்சிடுது, எண்ணெய் விடு, என்றாள்.

எண்ணெய் விட்டான். மனசு ஆறவில்லை.

நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று திரும்பி வந்து பார்த்தான். பதியாத மாற்றம் ஒரே ஒரு வரி.

'தம்பிகிட்ட சொல்லணும்.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கோப்பைக் கடைசியாகத் தொட்ட நேரத்தைப் பார்த்தான். நேற்று. அவன் மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகு.

காபியோடு வந்த அக்கா, அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். பச்சை எழுத்தையும் பார்த்தாள், சிவப்புப் பொட்டையும் பார்த்தாள். நல்லா இருக்கே இது, எப்படிப் போட்டே, என்றாள்.

அவன் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான்.

"நீ எங்கக்கா போறே?"

கண்ணாடியைக் கழற்றினாள். இந்த முறை துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"விட்ட படிப்பை முடிக்கப் போறேண்டா, அடுத்த மாசம். நேத்து உன் 'பல் இருக்கா'வோட நகல் என் போனுக்கும் வந்துச்சு, மொத ஆளா பாத்தேன். ஒரே கட்டளையில அந்த மாற்றத்தை நானே திரும்ப எடுத்திருப்பேன். நீயே எடுக்கிறியான்னு பாக்க, இருபது நிமிஷம் கையைக் கட்டிப்போட்டு உக்காந்திருந்தேன். எடுத்துட்டே."