இரண்டு எட்டு

மாலை வெயில் சந்தில் பாதிவரை கிடக்கிறது. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரர் கடை வாசலில் குந்தி, பிஸ்கட்டை நீட்டி நாயைக் கூப்பிடுகிறார். அது வாலை ஆட்டுகிறது, நகரவில்லை. "துரையை வெத்தலைபாக்கு வெச்சு அழைக்கணுமோ?" நாயின் பக்கத்தில் நிற்கும் மகள் சொல்கிறாள்: "நேத்து கூப்பிட்டதும் ஓடிவந்துச்சு. சட்டைக் காலரைக் கடிச்சதுன்னு அடிச்சீங்க. இனிமே எப்படிப்பா வரும்?" "சரி, நீ வந்து காட்டு. பார்த்துக் கத்துக்கட்டும்." அவள் சிரித்துக்கொண்டே ஓடிவருகிறாள். இரண்டு எட்டு மிச்சமிருக்கையில் நின்றுவிடுகிறாள். "இன்னும் கிட்ட வாம்மா." "இங்கேயே நிக்கிறேம்ப்பா." சிரிப்பு இன்னும் உதட்டில் இருக்கிறது; கண் மட்டும் அவருடைய வலது கையில். அவர் பிஸ்கட்டைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்.