வெள்ளை அரளி

“மொரீசியசு போயி பாடம் நடத்தி என்னத்தக் கிழிக்கப் போற? அருப்புக்கோட்டையில இல்லாத பள்ளிக்கூடமா?” தாய்மாமன் காளிராஜ் கத்தினார்.

“மூணு மாசப் பயிற்சிதான் மாமா. எங்க பி.எட். காலேஜுல என்னையத்தான் எடுத்திருக்காக.” சத்யபிரியா பெட்டியில் துணி அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

“கடல் தாண்டிப் போனவ திரும்பி வந்து எம்மகனக் கட்டுவாளாக்கும்!”

“நல்லாக் கேளுங்க,” என்று அவர் மனைவி தங்கலட்சுமியும் சேர்ந்துகொண்டாள். “இவ வாய்க்கு எந்த ஊருப் பிள்ளைக உக்காந்து படிக்கும்?”

சண்டை முற்றவும், குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றாள் சத்யபிரியாவின் அம்மா. இரண்டு பொட்டலத்தில் பூசாரி எடுப்பதில் வெள்ளை அரளி வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது.

பொட்டலம் கட்டும் வேலையைக் காளிராஜே கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டிலும் சிவப்பையே வைத்து மடித்தார். மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, பொட்டலங்களை அவள் கூடையில் போட்டார்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் இருந்த கோயிலில், பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை!

காளிராஜுக்கு முகம் செத்துப்போனது. மற்றதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் போய்ப் பிரித்தார். அதுவும் வெள்ளை.

பின்னாலேயே வந்த தங்கலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“நாந்தான் மாத்துனேன். அந்த வாயாடிய என் வீட்டுக்கு மருமகளாக் கொண்டாரப் பாத்தீகளா? மூணு மாசம் போதும் எனக்கு. அதுக்குள்ள எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்து முடிச்சிருவேன்.”