ஒன்பதாவது மாடி ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து அறையில் மூன்று நாற்காலிகளை ஜோசபின் நெருக்கமாகப் போடுகிறாள். தவறு செய்தவரையும் அடிபட்டவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டுமென்று மூன்று மாதமாக வீடுவீடாக ஏறி இறங்கியவள் அவள். இன்றுதான் முதல் அமர்வு. ஒன்பதாவது மாடி இஞ்ஞாசி தலை நிமிராமல் இருக்கிறார். ஏதோ கோபத்தில் அவர் வீசிய பூந்தொட்டி, கீழே நடந்துபோன அதே புளோக்குச் சந்திரமதியின் தோள் எலும்பை முறித்துவிட்டது. தேக்கா சந்தையில் தையல்கடை வைத்திருக்கும் அவள் ஆறு மாதமாகக் கத்தரிக்கோலைத் தொடவில்லை. மூங்கில் கழிகளில் காயும் துணிகளின் நிழல் வெளியே புல்தரையில் அசைகிறது. மின்விசிறி கடகடக்கிறது. ஜோசபின் சந்திரமதியையே பார்க்கிறாள். சந்திரமதி எழுந்து போய்விட்டால், இனி எந்தக் கதவைத் தட்டுவது?

“நீங்க கத்துனது கேட்டுச்சு,” என்கிறார் இஞ்ஞாசி. “பயந்துபோய் ஜன்னல சாத்திட்டேன். இறங்கி வந்திருக்கணும்.”

“மேல பார்த்தேன் அண்ணே. சாத்துன ஜன்னல்தான் தெரிஞ்சுச்சு. தோள விட அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.”

இஞ்ஞாசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். ஏதோ சொல்ல வாயெடுத்த ஜோசபின் அப்படியே நிறுத்திக்கொள்கிறாள். சந்திரமதி வலிக்காத கையால் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுக்கிறாள்.

“என்னைப் பார்த்தா படிக்கட்டுப் பக்கம் ஓடிடுறீங்க. இந்த வயசுல ஒன்பது மாடி ஏறலாமா? நாளைக்கு லிஃப்ட்லயே வாங்க லா. நானும் அதுலதான் போவேன்.”