காத்தாயியின் கம்பளி

பன்வில தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் கூடத்தில், ஐம்பத்தாறாம் வருஷத்துக் கலண்டருக்குக் கீழே, பியானோவின் கறுப்பு மரத்தில் மத்தியான வெயில் படிந்து கிடக்கிறது. தோட்டத்தைப் பார்வையிட வந்த கம்பனித் துரை பக்கத்து அறையில் தூங்குகிறார். தூக்கம் கெட்டால் மனிதர் குதறிவிடுவார் என்று பங்களாவே நுனிக்காலில் நடக்கிறது. தோட்டத்துத் துரையின் மனைவி துரைசானிக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. பியானோவின் நடு மிதியை அழுத்தினால் சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு துணிப்பட்டை இறங்கும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் சுவரைத் தாண்டாது. பழைய பட்டையைப் பூச்சி அரித்தபோது, துரைசானி, வேலைக்காரி காத்தாயி கொடியில் காயப்போட்டிருந்த கம்பளியைக் கத்தரித்துத்தான் மாட்டினாள். "வேற ஒண்ணு வாங்கிக்கோ" என்றாள். தோட்டத்தில் கம்பளி கொடுப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த மழைக்காலம் முழுக்கக் காத்தாயியின் மகள் தொழிலாளர் லயத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமினாள். இன்னும் இருமுகிறாள்.

இப்போது காத்தாயி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நிற்கிறாள். காலையில் தூசி தட்டும்போது பியானோவிலிருந்து உருவிய கம்பளிப் பட்டை, சேலைக்கடியில் அவள் இடுப்பில் குறுகுறுக்கிறது. துரைசானி மிதியை அழுத்திப் பத்து விரலையும் ஓங்கி இறக்குகிறாள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிடுகிறது. செருப்பைத் தேடும் கால் எதையோ உதைக்கிறது. துரைசானி மிதியை மறுபடி மறுபடி அழுத்துகிறாள். முகம் வெளுக்கிறது.

"காத்தாயி, இதுக்கு என்ன ஆச்சு?"

காத்தாயி ஒரு கோப்பைகூடச் சிணுங்காமல் தட்டை மேசையில் வைக்கிறாள்.

"அதுக்குக் குளிருது போல இருக்குங்க, தொரசானி."