படத்துக்கு எதிரே ஒரு கண்ணாடி

அருங்காட்சியகத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வாரமே அதிகாரி அம்மாளின் கண்ணில் அந்த முகம் பார்க்கும் கண்ணாடி பட்டுவிட்டது.

பின்பக்கத்துக் குறுகலான நடைபாதை. ஒரு சுவரில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த கிராமத்துத் தேவாலயப் படம். தேவாலயம் தீப்பிடித்துச் சாம்பலாகி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே போட்டோ எடுத்தவர் யாருமில்லை. மிஞ்சியது இந்த ஒரு படம்தான். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் கண்ணாடி.

"யார் மாட்டினது?"

"நான்தான் மேடம். தலை சீவிக்க," என்றார் காவலாளி.

அவர் தலையில் சீவுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்றுதான் பெயர்.

புதன்கிழமை மத்தியானம் வயதான தையற்கார அம்மாள் ஒருவர் வந்தார். படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார்ந்து, அரை மணி நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாராவாரம் இப்படித்தானாம்.

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே இழந்த கோயில் முதுகுக்குப் பின்னால். இவருக்கு இந்த வயதில் அழகு பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியை உடனே கழற்றச் சொன்னார். அந்த அம்மாள் போகட்டுமே என்று காவலாளி இழுத்துப் பார்த்தார். அதிகாரி மசியவில்லை.

திருப்புளியோடு காவலாளி வந்து நின்றதும் தையற்கார அம்மாளின் முகம் வாடிவிட்டது.

"கழட்டப் போறீங்களா தம்பி?"

காவலாளி அதிகாரியைக் கண்ணால் காட்டினார். அம்மாள் எழுந்து அதிகாரியிடம் வந்தார்.

"ஒரு நிமிஷம் என் இடத்துல உக்காந்து பாருங்கம்மா."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார் அதிகாரி. கண்ணாடியில் அவர் முகம். தோளுக்குப் பின்னால் தேவாலயம். படத்தில் இடது பக்கம் இருந்த மணிக்கூண்டும் அதன் கீழிருந்த சின்னக் கதவும் இப்போது வலது பக்கம் இருந்தன.

"இதுதாம்மா எங்க சர்ச். செதுக்கினவர் பார்த்தபடியே தகட்டுல செதுக்கிட்டார். அச்சுல எல்லாம் திரும்பிப்போச்சு."

தகட்டு அச்சில் இடம் வலமாகும் என்பது அதிகாரி பரீட்சைக்கே படித்ததுதான். இந்தப் படத்தில் அப்படி நடந்திருக்கும் என்று யோசித்ததில்லை. முன்பிருந்த அதிகாரியோ, நூறு வருடத்துப் படம் தப்பு, நீங்கள் சரியா என்று சிரித்தே அனுப்பிவிட்டாராம். நம்பியது காவலாளி ஒருவர்தான். மறு புதன்கிழமை கண்ணாடி வந்துவிட்டது.

"அந்தச் சின்னக் கதவுகிட்டதான் எங்க வீட்டுக்காரர் எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பார். அவர் போய் பன்னெண்டு வருஷமாச்சு. படத்தைப் பாத்து மனசுல நடந்தா, அவர் இல்லாத பக்கம் போய் நின்னுடறேம்மா."

அதிகாரி வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டட்டுமா மேடம்?" என்றார் காவலாளி மெதுவாக.

"கழட்டுங்க. இதுல மணிக்கூண்டு பாதிதான் தெரியுது," என்றார் அதிகாரி, எழுந்திருக்காமலே. "போன வாரம் என் ரூம்ல மாட்டச் சொன்னேனே ஆளுயரக் கண்ணாடி, அதை எடுத்துட்டு வந்து இங்க மாட்டுங்க."