கரண்டி முதுகில் ஒரு முகம்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. யாருமில்லாத ஒருத்திக்கு ஒரே மத்தியானத்தில் குடும்பம் கிடைத்த கதை ஒன்று இருக்கிறது. சின்னக் கதைதான். உலையில் சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வேலூர் லாங் பஜாரில், ரஃபி அகமதுவின் கடை மேஜையில், சவுரியம்மாள் தன் வெள்ளித் தேக்கரண்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"விக்க வரல பாய். பின்னாடி ஒரு பொம்பள மூஞ்சி இருக்குது பாரு. அது யாரு, எந்த ஊருன்னு சொல்லு, போதும்."

"விக்கலன்னா என் கண்ணாடிக்கு இன்னாம்மா வேல?" என்றார் அவர். ஆனாலும் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார்.

ஊரைக் காலி செய்துகொண்டு போகும் துரைகளின் வீட்டு வெள்ளி அவர் கடைக்குத்தான் வரும். முதுகில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பார்த்தே எந்தப் பட்டணத்தில், எந்த வருஷம் செய்த சாமான் என்று சொல்லிவிடுவார். விலை பேசும்போது முன்னே பின்னே சொல்லுவார்தான். முத்திரை விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் வராது.

சவுரியம்மாளுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் துணியில் சுற்றிக் கன்னியர் மடத்து வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தை. துணிக்குள் இந்தக் கரண்டியும் இருந்ததாம். மடத்துச் சிஸ்டர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மிச்சத்தைக் கரண்டி சொல்லிற்று. அதன் முதுகில், கடுகளவுக் கட்டத்துக்குள், கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம்.

பெற்றவள் தன் முகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேறு யார் முகத்தை வைப்பாள்?

ஆம்பூர் தோல் ஷாப்பில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை இடித்து இடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவிக்கொண்டுதான் அவள் தினமும் தூங்கினாள். "துரைசானி வந்துட்டா, கஞ்சிய ஸ்பூன்ல ஊத்துங்கடி" என்று கூட இடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். பெண் கேட்டு வந்தவர்கள், உன் சனம் எது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்புறம் யாரும் வரவும் இல்லை, கேட்கவும் இல்லை.

தடவித் தடவி மூக்கு போய்விட்டது. இப்போது கொண்டையும் தேய்கிறது. முழுசும் அழிவதற்குள் அவள் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் ரயிலேறி வந்திருந்தாள்.

"இது சிங்கம். நல்ல வெள்ளின்னு அர்த்தம்," என்றார் ரஃபி அகமது. "இது சிறுத்தத் தல. லண்டன்ல செஞ்சது. இந்த எழுத்து வருஷா வருஷம் மாறும். உன்னுது பஞ்சத்துக்கு முந்தின வருஷம்."

"இவ?"

அவர் கண்ணாடியை இறக்கினார்.

அது சீமையை ஆண்ட ராணியின் தலை. வரி கட்டியாயிற்று என்பதற்காகச் சீமையில் குத்தியது. ரூபாயில் கிரீடத்தோடு இருந்தவளேதான், இங்கே வெறும் கொண்டையோடு இருக்கிறாள். அவள் செத்தே முப்பது வருஷமாகிறது.

அவர் வாயெடுப்பதற்குள் சவுரியம்மாள் பக்கத்துத் தட்டைப் பார்த்துவிட்டாள். தட்டு நிறையக் கரண்டிகள், குப்புறப் படுத்த பிள்ளைகள் மாதிரி. ஒன்றை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அதே முகம். மூக்கோடு இருந்தது.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அவளே. அடுத்ததிலும் அவளே.

"இம்மாம் பேரா நாங்க?" என்றாள்.

ரஃபி அகமது சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கெங்க விட்டுட்டுப் போயிருக்கா, பாய்?"

"ராணிப்பேட்ட பங்களாவுல ஒண்ணு வந்துச்சு," என்றார் மெதுவாக. "காட்பாடியில ஒண்ணு. அது வாலாஜாபேட்ட."

"மூத்தது எது?"

அதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தைப் பார்த்தால் போதும். அவர் மறுபடி கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வரிசையாக அடுக்கினார். "ராணிப்பேட்ட உன்னுதுக்கு ரொம்ப மூப்பு. காட்பாடி ரெண்டு வருஷம் மூப்பு. அப்புறம் உன்னுது. வாலாஜாபேட்ட உனக்குப் பின்னாடி."

"தம்பியா தங்கச்சியான்னு போட்டிருக்குதா?"

"அதெல்லாம் போடமாட்டாங்கம்மா."

அவள் வாலாஜாபேட்டைக் கரண்டியைத் தன்னுடையதற்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். அப்போதுதான் தட்டின் ஓரத்தில் கிடந்த பெரிய குழம்புக் கரண்டி கண்ணில் பட்டது. திருப்பினாள். கட்டத்துக்குள் ஓர் ஆணின் தலை.

"இவரு?"

"அது உன்னுதுக்கு நாப்பது வருஷம் முந்தினது."

"அப்ப அம்மாவோட அப்பாவா?"

"அப்பா இல்ல," என்றார் ரஃபி அகமது. "அந்த அம்மாவுக்கு அவரு பெரியப்பா."

முத்திரை விஷயத்தில் அவர் வாயில் பொய் வராது என்றேனே, அன்றைக்கும் வரவில்லை. ராணிக்கு முந்தி ஆண்ட அந்த ராஜா, அவள் அப்பாவுக்குச் சொந்த அண்ணன்.

"அப்ப எனக்குத் தாத்தா முற," என்றாள் சவுரியம்மாள்.

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறினாள். கோயிலுக்குள் நுழைகிறவள் மாதிரி தலையில் போட்டுக்கொண்டாள். கரண்டியின் மேல் குனிந்தாள்.

"நான் சவுரி, தாத்தா. ஆம்பூர்ல இருக்கேன்."

அவ்வளவுதான் கதை. சோறு வெந்துவிட்டது, எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் எத்தனை கரண்டி இருக்கிறதோ அத்தனைக்கும் கை இருக்கட்டும். மூத்தது எது, இளையது எது என்று யாராவது கேட்டால், நான்தான் நான்தான் என்று சண்டை போட உங்கள் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கட்டும்.