படியாத விலை

"மூடி இல்லாம வாங்கினா எம்புட்டுக் குறைப்பீக?"

ஆரோக்கியசெல்வத்தின் கையிலிருந்த உப்புத்தாள் அப்படியே நின்றது. சின்னமனூரில் சவப்பெட்டிக் கடை போட்ட நாளாக இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை.

"மூடி இல்லாம பொட்டி எதுக்கும்மா?"

"மூடினா மூச்சு முட்டும்லண்ணே."

வந்தவள் பெயர் வியாகுலமேரி. நாற்பது வயதிருக்கும். கசங்கிய சேலை, கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி, கையில் ஓயாமல் அதிரும் செல்போன். அவள் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

உச்சி வேளைதான். ஆனாலும் மேகமலைப் பக்கம் மழை கட்டிக்கொண்டு நின்றதில் கடைக்குள் விளக்குப் போட வேண்டிய இருட்டு. செல்வத்துக்குக் காலையில் வந்த போன் ஞாபகம் வந்தது.

கம்பத்தில் இதே தொழில் செய்யும் சசிதரன்தான் கூப்பிட்டிருந்தார்.

"ஏலே செல்வம், நேத்து ஒரு பொம்பளை பொட்டிக்குப் பேரம் பேசுச்சு. தொல்லை விட்டாப் போதும்னு கேட்ட வெலைக்கே தாரேன்னேன். எந்திரிச்சு ஓடிருச்சுலே! உத்தமபாளையத்துலயும் இதே கதைதானாம். அங்கன வந்தா, காலு தரையில படுதான்னு பாத்துக்கோ."

செல்வம் பார்த்தார். கால் தரையில்தான் இருந்தது. செருப்புதான் இல்லை.

"எட்டாயிரம். மூடியோடதான் தருவேன்" என்றார்.

"பிடி பித்தளையா?"

"முலாம்."

"அப்ப நாலாயிரம்."

செல்வத்துக்குச் சுருக்கென்றது. தக்காளிக்குப் பேசலாம், தேங்காய்க்குப் பேசலாம். சாவுக்கு வாங்குகிற சாமானுக்கு இந்தப் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் வாய் திறக்க மாட்டான். சொன்னதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அதனாலேயே செல்வமும் விலையைக் கூட்டிச் சொல்லிப் பழகாத மனுஷன்.

"செத்தவுகளுக்கு எடுக்குற பொருளுக்குப் பேரம் பேசக்கூடாதும்மா. யாருக்குப் பொட்டி?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு. என்னைவிட ஒரு சாண் ஒசரம்."

சுவரில் சாத்தியிருந்த பெட்டியோடு முதுகை ஒட்டி நின்று காட்டினாள். அந்த இருட்டில் பெட்டிக்குள்ளிருந்து அவளே எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"எப்ப தவறினாக?"

"இன்னும் தவறலையே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். செல்வம் அவள் காலை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார்.

"தேனியில ஆஸ்பத்திரியில கெடக்காக. கொழாய் வழியா மூச்சு ஓடுது" என்றவள், பெட்டியை விரல் முட்டியால் தட்டினாள். பலகையில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ளயிருந்து சத்தம் வருதுண்ணே."

அவர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார்.

"வண்டு அரிக்குது போல. மூவாயிரத்து ஐநூறு" என்றாள் அவள்.

பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருவார்கள். இவளோ இறங்கிக்கொண்டே போகிறாள்! புருஷன் உயிரோடு கிடக்கும்போதே பெட்டி பார்க்க வந்து, அதிலும் மிச்சம் பிடிக்கிற பெண்டாட்டி! செல்வத்துக்குப் பயம் பாதி, அருவருப்பு பாதி. இவள் வாசப்படி இறங்கினால் போதும் என்றாகிவிட்டது.

"சரி, அந்த வெலைக்கே எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. வண்டியில ஏத்தச் சொல்றேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது.

"இல்லண்ணே, வேணாம், வேணாம்" என்று விருட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். சசிதரன் சொன்னது சரிதான். திரும்பிய வேகத்தில் போன் கை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போன செல்வத்தின் விரல் பட்டு, அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அலறியது.

"மதினி! இன்னுமா பொட்டி எடுக்கல? டாக்டர் கைய விரிச்சுட்டாரு. பொட்டி வண்டியில ஏறுனதும் கொழாய எடுத்துரலாம்னு நாங்க எல்லாரும் இங்கன காத்துக் கெடக்கோம். என்ன மதினி பண்றீக ரெண்டு நாளா?"

அவள் போனை வாங்கவில்லை. அவர் கையில் இருந்தபடியே அதைப் பார்த்துப் பேசினாள்.

"வெலை படியல தம்பி. பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். படியுற வரைக்கும் அவுக கொழாயத் தொட்டுறாதீக."

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

செல்வத்துக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. ஒரு கையால் நாற்காலியில் கிடந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, போனுக்குள் இருப்பவனுக்கும் நன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஒக்காருங்க தாயி. மூவாயிரத்து ஐநூறுக்குத் தாரேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், எனக்குக் கட்டாது. பன்னெண்டாயிரம், ஒரு பைசா குறைக்க மாட்டேன். நீங்க எம்புட்டுக்குக் கேக்குறீக?"